லாசருவின் அண்ணன் எலெயாசார்

பாதிக் கிணறு மேலே வந்துவிட்ட லாசருவை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, கயிறு பிடித்திருந்த சபை மூப்பர் மத்தேயு கேட்டார்:

“வே, நாம இப்பொ யாரைத் தூக்குதோம்?”

“லாசருவை,” என்றார் இரண்டடி தள்ளி நின்ற சகேயு மூப்பர்.

“லாசருன்னா என்ன அர்த்தம்?”

சகேயு நெற்றியைச் சுருக்கினார். கயிற்றைப் பின்னாலிருந்து பிடித்திருந்த, காது மந்தமான சீமோன் மூப்பர் “கேட்டேன்” என்றார். அவர் ஒரு வாரமாக எதற்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதில் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “தேவன் உதவினார்,” என்றார் தொங்கிக்கொண்டிருந்த லாசரு. கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்திருந்த சந்தோஷத்தில் சொல்லிவிட்டார். சொல்லியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு தோன்றியது. அவருக்கு எல்லாமே பிற்பாடுதான் தோன்றும்.

“உதவினார்,” என்றார் மத்தேயு, ஒவ்வோர் எழுத்தாக. “அப்போ உதவி ஏற்கனவே முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல நாம ரெண்டு பேர் கயிறு பிடிச்சு இழுத்தா, அவர் செஞ்சது பத்தலைன்னு சொல்லுத மாதிரி ஆகாதாவே?”

“ஆகும்,” என்றார் சகேயு.

“கேட்டேன்,” என்றார் சீமோன்.

லாசருவும் கீழேயிருந்து, “அதுவும் சரிதான்” என்றார். ஆகவே அவரை எடுத்த இடத்திலேயே இறக்கி வைத்தார்கள். போட்டுவிடவில்லை. சாலமோன்விளைக்காரர்கள் முரட்டு மனிதர்கள் அல்ல.

ஊருக்கு ஞானியான ராஜாவின் பெயரை வைத்தது யார் என்று தெரியவில்லை. ஊரைப் பார்க்காமல் வைத்திருக்க வேண்டும். அங்கே பிரசங்க மேடையிலிருந்து சபைப் போதகரான ஐயர் ‘எழுந்து நிற்போம்’ என்று சொன்னால், ‘உட்காருங்கள்’ என்றும் மறக்காமல் சொல்லியாக வேண்டும். முந்தைய ஐயர் ஒருமுறை அதைச் சொல்லாமலே அடுத்த ஊர் ஆராதனைக்கு சைக்கிளில் போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது சபை நின்றுகொண்டிருந்தது. அவர் மாற்றல் கேட்டு எழுதிப்போட்டார்.

புது ஐயர் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வேதாகமக் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்தவர். போன ஞாயிற்றுக்கிழமை, வேதத்தில் வரும் பெயர்களைப் பற்றிப் பேசினார். நல்ல பிரசங்கம். லாசரு கோயில்குட்டி, மணி அடிப்பது, கூட்டுவது, விளக்கேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. பிரசங்க நேரத்தில் அவர் தூங்குவது ஊரறிந்தது. அன்று மட்டும் தன் பெயர் காதில் விழுந்து விழித்துக்கொண்டார்.

எபிரெயத்தில் எலெயாசார் என்று ஒரு பெயர் உண்டாம். தேவன் உதவினார் என்று அர்த்தமாம். கலிலேயாப் பக்கத்து வாய்ப்பேச்சில் முன்னெழுத்து உதிர்ந்து லாசார் ஆயிற்றாம். கிரேக்கத்தில் எழுதினவர்கள் தங்கள் வழக்கப்படி ஒரு வாலைச் சேர்த்து லாசரோஸ் என்று எழுதினார்களாம். தமிழுக்கு வந்து சேர்ந்தபோது அந்த வாலும் தேய்ந்து லாசரு. தலை போய், வால் முளைத்து, வாலும் போன பெயர். ஐம்பத்திரண்டு வருஷமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்தும், அது எங்கிருந்து வந்தது என்று தான் ஒரு நாளும் கேட்டதில்லையே என்று லாசருவுக்கு வெட்கமாக இருந்தது. ஆட்டுக்குட்டியை வாங்கினால்கூட எந்த ஊர் என்று கேட்கிறோம்.

கடைசியில் ஐயர், “உங்கள் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்ளுங்கள்” என்று சொல்லி முடித்தார். அதைத்தான் அவர் சொல்லியிருக்கக் கூடாது.

சகேயு என்றால் சுத்தமானவன். சகேயு மூப்பர் அன்றிலிருந்து எதையும் தொடுவதில்லை. சாப்பாட்டைப் பெண்சாதி ஊட்டிவிடுகிறாள். மத்தேயு என்றால் தேவனுடைய ஈவு. ஈவு தானாக நடந்து போகாது, யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று மத்தேயு மூப்பர் கண்டுபிடித்தார். அவரைக் கைப்பிடித்து ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டால் அடுத்த ஆள் வரும்வரை அங்கேயே இருப்பார். அன்று காலை அவரைக் கிணற்றங்கரையில் கொண்டுவந்து விட்டவர் சீமோன். சீமோன் என்றால் கேட்டவன். அவருக்கு அந்தப் பிரசங்கமே விழவில்லை. பக்கத்து ஆள் காதோடு கத்திச் சொன்னதில் அந்த ஒரு சொல் மட்டும் உள்ளே போய்த் தங்கிவிட்டது.

லாசரு மட்டும் சளைத்தவரா? வாரம் முழுக்க எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், “எனக்கு மனுஷ உதவி வேண்டாம், அங்கேயே முடிஞ்சு போச்சு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மகள் கல்யாணத்துக்குப் பந்தல்கால் ஊன்ற வந்த நாலு பேரைத் திருப்பி அனுப்பினார். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது அதனால்தான்.

அன்று அந்தக் கல்யாணம். மகள் சூசன்னாளுக்குக் கள்ளிவிளை மாப்பிள்ளை. கள்ளிவிளைக்காரர்கள் எட்டு மணிக்கே வந்து ஊரெல்லையில் உடைமரத்தடியில் காத்திருந்தார்கள். சாலமோன்விளை வழக்கப்படி, பெண் வீட்டுக் கோயிலில் இரண்டாம் மணி அடித்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குள் கால் வைக்கலாம். இரண்டாம் மணி பத்து மணிக்கு. பன்னிரண்டுக்குள் தாலி கட்டாவிட்டால் ஐயர் அடுத்த ஊர்க் கல்யாணத்துக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு லெந்து என்ற தவக்கால நாட்கள் தொடங்குகின்றன. ஈஸ்டர் கழியாமல் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையோ அடுத்த வாரம் கப்பல் வேலைக்குப் போகிறவர், திரும்பி வர இரண்டு வருஷம்.

கோயிலுக்கு இருந்தது ஒரே ஒரு கயிறு. அதுவே மணிக்கும், அதுவே கிணற்றுக்கும். அலைச்சல் வேண்டாம் என்று கிணற்றுக்கு மேலேயே இரண்டு கல்தூண் நிறுத்தி மணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். காலையில் லாசரு கல்யாணச் சமையலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது முதல் மணிக்கு நேரமாகிவிட்டது. வாளி கிணற்று வாய்க்குச் சற்றுக் கீழே தொங்கும்போதே மேல்நுனியை அவிழ்த்தார், கீழ்நுனியையும் எட்டிப் பிடித்து அவிழ்த்தார். வாளி போய்விட்டது. கிணற்றில் விழுந்ததை எடுக்கிற பாதாளக்கரண்டி ஒன்று ஊரில் உண்டு. அது போன வருஷமே அந்தக் கிணற்றில் விழுந்து கிடந்தது. எனவே முதல் மணி அடித்ததும் லாசரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தாமே இறங்கினார்.

இப்போது முழங்கால் தண்ணீரில், ஒரு கையில் வாளியோடு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வட்டமாக வானம். அதில் மூன்று தலைகள்.

“ஒருவேளை உதவி பாதி வழியிலே நின்னுபோச்சோ?” என்றது சகேயுவின் தலை. “எபிரெயத்திலேருந்து கிளம்பும்போது முழுசா இருந்த பெயரு. வார வழியிலே தலைப்பக்கம் உதிர்ந்து போச்சுன்னு ஐயர் சொன்னார்லா. பெயர் குறைஞ்சா உதவியும் குறையத்தான செய்யும்.”

“அப்போ பாதி நாம இழுக்கலாமா?” என்றது மத்தேயுவின் தலை.

“எந்தப் பாதி? மேல்பாதியா, கீழ்பாதியா?”

இது கடினமான கேள்வி. லாசருவும் கீழே நின்று யோசித்தார். தலைப்பக்கம்தான் உதிர்ந்தது, ஆகவே குறைவது மேல்பாதி, கீழ்பாதியில் தேவனுடைய உதவி இருக்கும், அதுவரை தானாகவே ஏறிவிடலாம் என்று ஒரு எட்டு வைத்துப் பார்த்தார். வழுக்கி உட்கார்ந்தார்.

அப்போது மார்த்தாள் வந்தாள். லாசருவின் பெண்சாதி. கையில் கரண்டி.

“அண்ணாச்சி, உலை கொதிச்சு வத்திட்டு. தண்ணி எங்கே? அவிய எங்கே?”

“உள்ளே இருக்காரும்மா.”

“தூக்குங்க.”

அவளுக்கு விஷயத்தை விளக்கினார்கள். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சுவரோரம் போய் எட்டிப் பார்த்து, “நீங்க என்ன சொல்லுதீங்க?” என்றாள்.

“அவங்க சொல்லுததிலே ஞாயம் இருக்குடி,” என்றார் லாசரு.

“இருபத்தாறு வருஷம் இந்த ஆளோட இருந்தாச்சு,” என்று மார்த்தாள் கரண்டியிடம் சொன்னாள். “கிணத்துக்குள்ள இருக்கும்போதுதான் ஒரு வார்த்தை அடங்கிப் பேசுதாரு.”

“நீயே இழுத்திரலாமே, தாயி,” என்றார் மத்தேயு.

“நானா? என் பெயருக்கு எஜமானின்னு அர்த்தமாம். ஐயர்தான் சொன்னாரு. எஜமானி கயிறு இழுப்பாளா? சொல்லத்தான் செய்வா. சொல்லியாச்சு, தூக்குங்க.” சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மத்தேயுவுக்கு அப்போதுதான் அது உதித்தது. “தேவன் உதவினார்ங்கிறதைத் தமிழ்லே சொன்னா என்னவே? தேவசகாயம். மாப்பிள்ளையோட அப்பா பெயரு தேவசகாயம்லா!”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிணற்றுக்குள்ளும் ஒரு முகம் மலர்ந்தது. சம்பந்தியின் பெயரும் தன் பெயரும் ஒன்று என்று தெரியாமலா பெண் கொடுக்க ஒத்துக்கொண்டோம் என்று லாசருவுக்கு ஒரே ஆச்சரியம்.

“அவரு வந்து இழுத்தா எல்லாம் சரியாப் போகும். அவரைக் கூப்பிடுங்க.”

“அவரு எல்லையிலே நிக்காரு. மணி அடிச்சாத்தான் வருவாரு.”

“மணியை அடிங்க.”

“கயிறு லாசரு இடுப்பிலே இருக்கு.”

“லாசருவை மேலே வரச் சொல்லுங்க.”

“தேவசகாயம் வந்தாத்தான் அவரு வர முடியும்.”

இதை அவர்கள் நாலைந்து முறை சுற்றி வந்தார்கள். மணி பத்தேகால் ஆயிற்று. லாசரு மகளை நினைத்தார். சாய்ந்த பந்தலின் கீழ், ராத்திரி முழுக்கத் தானே தைத்து முடித்த ரவிக்கையோடு சூசன்னாள் உட்கார்ந்திருப்பாள். ‘அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஒண்ணும் யோசிக்காதீங்க’ என்று காலையில்தான் சொன்னாள். யோசிக்காமல்தான் வாளியை அவிழ்த்தார். மகள் சொல்லைத் தட்டாத தகப்பன்.

“மூப்பரே,” என்று கீழேயிருந்து கூப்பிட்டார். “கயித்தோட மேல்நுனியை மணியிலே கட்டுங்க. மணி அடிக்கிறது என் உத்தியோகம். நான் இங்கே இருந்தே அடிக்கேன். அது உதவியில சேராது.”

அது உதவியில் சேருமா என்று கொஞ்சம் தர்க்கம் நடந்தது. கட்டுவது லாசருவுக்காக அல்ல, மணிக்காகத்தான் என்று முடிவானதும் சீமோன் கட்டினார். நல்ல இறுக்கமான கட்டு.

லாசரு வாளியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். மேலே மணி ஒரு முறை அடித்தது. தொங்கியபடியே ஒரு முழம் ஏறி, பக்கச் சுவரில் துருத்திய கல்லில் கால் வைத்து மூச்சு வாங்கினார். கயிறு தளர்ந்தது. மறுபடி தொங்கினார். மறுபடி ஒரு முறை. இப்படி அடித்துக்கொண்டே ஏறலாம் என்பது அவருக்கே ஐந்தாவது அடியில்தான் தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாண மணியைப் படபடவென்று அடிப்பார்கள், கணக்குக் கிடையாது. சாவு மணியை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, இறந்தவரின் வயது எத்தனையோ அத்தனை முறை அடிப்பார்கள். பருத்த சரீரம் உள்ள ஒரு மனிதர் கிணற்றிலிருந்து ஏறும்போது படபடவென்று அடிக்க முடியாது.

மேலே மூப்பர்கள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். சகேயுவின் துண்டைச் சீமோன் இறக்கிவிட்டார்.

“துக்க மணி,” என்றார் சகேயு மெதுவாக. “யாரோ போயிட்டாவ.”

“பத்து... பதினொண்ணு...” என்று எண்ணினார் மத்தேயு. “சின்ன வயசா இருக்கக் கூடாது, ஆண்டவரே.”

இருபதைத் தாண்டியதும் கொஞ்சம் ஆறுதல் அடைந்து, யார் வீடு என்று பார்க்கக் கிளம்பினார்கள். சீமோன் மத்தேயுவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

லாசரு எண்ணிக்கொண்டுதான் ஏறினார். முப்பது வருஷத்துப் பழக்கம். ஐம்பத்திரண்டாவது அடியில் கை கிணற்றுச் சுவரைத் தொட்டது. வெளியே வந்து விழுந்தார். ஐம்பத்திரண்டு, நம்முடைய வயதுதான் என்று ஒரு சின்னத் திருப்தி உண்டாயிற்று. கிணற்றங்கரையில் யாருமில்லை. இடுப்புக் கட்டை அவிழ்த்துவிட்டுச் சேற்றுக் காலோடு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டு முன்னால் ஊரே கூடியிருந்தது. கள்ளிவிளைக்காரர்களும் வந்துவிட்டார்கள். சேலைத் தட்டையும் பழத்தட்டையும் ஓரமாக வைத்துவிட்டு, தேவசகாயம் தலைகுனிந்து நின்றார். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

லாசரு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த மத்தேயுவின் பக்கத்தில் போய், “யாருவே?” என்றார் தாழ்ந்த குரலில்.

“ஐம்பத்திரண்டு அடி. நம்ம லாசரு.”

“அடப்பாவமே,” என்றார் லாசரு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உட்கார இடம் பார்த்தார். சீமோன், மத்தேயுவைத் தூக்கி ஒரு சாண் நகர்த்தி வைத்தார். லாசரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“காலையிலே பார்த்தேன்,” என்றார் சகேயு. “நல்லாத்தான் இருந்தாரு.”

“மணி ஒழுங்கா அடிப்பாரு,” என்றார் மத்தேயு.

“மத்தபடி ஒண்ணுக்கும் லாயக்கில்லைன்னு சொல்லுவாவ,” என்றார் லாசரு. “ஆனாலும் மனசு வெள்ளை.” பிறகுதான் அவருக்குப் பிற்பாடு தோன்றுகிற அந்த விஷயம் தோன்றியது. “அப்போ கல்யாணம்?”

“தகப்பன் செத்த வீட்டிலே ஏது கல்யாணம்? வருஷம் திரும்பட்டும்.”

“வே, நான்தானே லாசரு?”

மூப்பர்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். மறுக்கவில்லை. “இருக்கலாம்,” என்றார் மத்தேயு. “ஆனா மணி பொய் சொல்லாதே.”

“இன்னும் ஒரு அடி கூட்டி அடிச்சிரட்டுமா?”

“ஐம்பத்துமூணு எனக்கு,” என்றார் சகேயு, அவசரமாக.

சத்தம் கேட்டு சூசன்னாள் கல்யாணச் சேலையோடு வெளியே வந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது. சேறும் பாசியுமாக நின்ற அப்பாவைப் பார்த்ததும் தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். பிறகு ஐயரிடம் திரும்பி, “ஐயரே, மணி பதினொண்ணே கால்” என்றாள்.

புது ஐயர் காலையிலிருந்தே வியர்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து, தாம் படித்ததை வைத்து விஷயத்தைத் தெளிவுபடுத்தப் பார்த்தார். “பெயரில் என்ன இருக்கிறது? லாசரு என்றாலும் எலெயாசார் என்றாலும் ஒன்றுதான். அர்த்தமும் ஒன்றுதான். அவர் எபிரெயத்தில் எலெயாசார். கிரேக்கத்தில் லாசரு.”

மத்தேயு மெல்லத் தலையாட்டினார்.

“அப்படிச் சொல்லுங்க ஐயரே. செத்தது கிரேக்கத்துக்காரரு. ஏறி வந்தவரு எபிரெயத்துக்காரரு.”

“அப்படி இல்லை...” என்று தொடங்கிய ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊருக்கு ஆறு மைல். உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு பேரிலே எது மூத்தது?” என்றார் சகேயு.

“எபிரெயம்தான் மூத்தது,” என்றார் ஐயர், கண்ணை மூடிக்கொண்டு.

“அப்போ எலெயாசார் அண்ணன். லாசரு தம்பி. பொண்ணுக்கு இவரு பெரியப்பா.”

கள்ளிவிளை தேவசகாயத்துக்கு நிம்மதியாயிற்று. வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால், துக்கத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கிற உரிமை அவருக்குத்தான். அவர் ஊரிலும் அதுதான் வழக்கம். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “பெரிய சம்பந்தி, உங்க தம்பி இப்படிப் பாதியிலே போயிட்டாரு. கல்யாணத்தை என்ன செய்யலாம்ங்கிறதை நீங்கதான் சொல்லணும்.”

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு வருஷத்தில் லாசருவிடம் ஒருவரும் ஒன்றையும் தீர்மானிக்கச் சொன்னதில்லை. அவர் சூசன்னாளைப் பார்த்தார். தம்பியை நினைத்தார். கூட்டத்தில் எழுந்து பேசத் தெரியாதவன். பந்தல்கால் ஊன்ற வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவன். வாளி உள்ளே இருக்க, கயிற்றை அவிழ்த்தவன்.

“தம்பி நல்லவன்தான்,” என்றார் கடைசியில். “ஆனா சரியான முட்டாப்பய. அவனுக்காக இந்தப் பிள்ளை ரெண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம். தாலியைக் கட்டுங்க.”

“கேட்டேன்,” என்றார் சீமோன்.

பதினொன்றே முக்காலுக்குத் தாலி கட்டியாயிற்று. பெரியப்பா முறையில் எலெயாசார் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தார். ‘பெண்ணின் தகப்பன்’ என்று பதிவேட்டில் இருந்த இடத்தில் லாசரு என்று எழுதி, பக்கத்தில் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு, ஐயர் சைக்கிளில் ஏறினார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தி வைத்தார்கள். மார்த்தாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பரிமாறினாள். புருஷனுடைய அண்ணன் முன்னால் பெண்கள் குரல் உயர்த்திப் பேசக் கூடாது. “அத்தானுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?” என்று பக்கத்திலிருந்த பெண்ணைக் கேட்க வைத்தாள். எலெயாசார் தம்பியை நினைத்துக்கொண்டார். தம்பிக்கு இருபத்தாறு வருஷத்தில் இந்த மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை. பாவம், கொடுத்து வைக்கவில்லை.

குழம்பில் காரம் அதிகம். தண்ணீர் குறைந்துபோனதால் அது இறுகிவிட்டிருந்தது. தேவசகாயம் விக்கிக்கொண்டே கேட்டார்:

“பெரிய சம்பந்தி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

பானையில் பார்த்தார்கள். குடத்தில் பார்த்தார்கள். மத்தேயு, பந்தியில் தம்மை உட்காரவைத்த இடத்திலிருந்தபடியே, “வாளி கிணத்துக்குள்ளலா கிடக்கு” என்றார்.

எலெயாசார் இலையை மடித்துவிட்டு எழுந்தார். சீமோன் ஒரு கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் மத்தேயுவைக் கிணற்றங்கரைக்குக் கூட்டிவந்தார். சகேயு பின்னாலேயே வந்து, இரண்டடி தள்ளி நின்றார். பந்தியில் அடுத்த கூட்டு வந்துகொண்டிருந்தது. எலெயாசார் மணியிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். மேல்நுனியை மத்தேயுவின் கையில் கொடுத்தார். கீழ்நுனியைத் தம் இடுப்பில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு, கிணற்றுச் சுவரைத் தாண்டி ஒரு காலை உள்ளே விட்டார்.